கீழே மொத்தம் வரவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் வேலைக்கு வந்ததும் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்துக்குப் போனேன். எங்கள் கம்ப்யூட்டர் அறை மெஷினில் வருவது வெந்நீர் இல்லை, வெந்நீர் மாதிரி ஒன்று. சமையற்கூடத்து மேற்பார்வை அக்கா பொங்கப் பொங்கப் பிடித்துக் கொடுத்தார். "இதுல குளிக்கப் போறியா குடிக்கப் போறியா, தினம் இத்தனை எடுக்கிறே?" என்றார். ஏழு வருடமாக இதே கேள்விதான். நானும் ஏழு வருடமாகச் சிரிக்கிறேன்.

மகளுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு. ஐம்பதுக்கா நூற்றுக்கா என்று கேட்டால் ஓடுகிறாள்.

மார்ச் 5, வியாழன்

மேலாளர் கூப்பிட்டார். நேற்று ஆறாம் வார்டு ஒன்பதாம் கட்டில் நோயாளிக்கு உப்பில்லாத சாப்பாடு போயிருக்க வேண்டும். இதய நோயாளி. காலையும் மதியமும் எல்லாருக்கும் போடுகிற சாப்பாடே போயிருக்கிறது. சாயங்காலம் மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தனி உணவுப் பட்டியல் எங்கள் சர்வரில் இருந்துதான் போகிறது. யாருக்கு உப்பு கூடாது, யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்குக் கஞ்சி மட்டும் என்று வார்டு வாரியாக வரும் ஒரே பக்கம். அக்கா காலை ஐந்து மணிக்கு டேப்லெட்டில் திறந்து, நோட்டில் எழுதிக்கொள்வார். பட்டியலில் இல்லாதவர்களுக்குப் பொதுச் சாப்பாடு.

"சமையற்கூடத்து அம்மா, பட்டியல்லயே அந்தக் கட்டில் இல்லைங்கறாங்க. நீங்க பார்த்து எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர்.

பார்த்தேன். சர்வர் தான் செய்ததைக் குறித்து வைக்கும் லாகில், நேற்று காலை 5:04க்குப் பக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. அதற்கு நேரே 200 என்று இருந்தது. இருநூறு என்றால் சர்வர் மொழியில் எல்லாம் நலம். நான்காம் தேதிப் பக்கத்தையும் திறந்து பார்த்தேன்: அறுபத்து நான்கு பேர், நடுவில் ஒன்பதாம் கட்டில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "கேட்கப்பட்ட பக்கம் பிழையின்றி அனுப்பப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

அக்காவைத் தற்காலிகமாக வேலையில் இருந்து நிறுத்திவிட்டார்கள். இருபதாம் தேதி விசாரணை. என் கடிதம்தான் முதல் சான்று.

மதியம் என் ஜன்னலுக்கு வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் புடவையில் பார்த்ததும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"ஏம்மா, பக்கத்துக்குக் கீழே மொத்தம் இத்தனைன்னு ஒரு வரி வருமே. அன்னைக்கு அது வரலை."

"அக்கா, சர்வர் முழுசாத்தான் அனுப்பியிருக்கு. நீங்க கீழ வரைக்கும் தள்ளிப் பார்த்தீங்களா?"

"பத்தொன்பது வருஷமாத் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். அப்போ நான் பொய் சொல்றேனா?"

அவர் நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். ஐம்பத்து மூன்று வரி. கடைசி வரி: ஆறாம் வார்டு, ஆறாம் கட்டில். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்காக அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை. போய்விட்டார்.

மார்ச் 7, சனி

பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் லாகில் இருப்பதைத்தானே எழுத முடியும்?

மார்ச் 9, திங்கள்

துணி மடிக்கும்போது தோன்றியது. கவனக்குறைவு என்றால் நடுவில் ஒன்று விடும், அங்கே ஒன்று இங்கே ஒன்று விடும். அக்காவின் நோட்டில் ஐம்பத்து மூன்றும் வரிசையாக, ஒரு பிழை இல்லாமல் இருக்கிறது. பிறகு பதினொரு பேர் மொத்தமாக இல்லை. மற்ற பத்துப் பேருக்கும் அன்று ஒன்றும் ஆகாததால் யாரும் கேட்கவில்லை.

கை வலித்து நிறுத்தினாரா? பத்தொன்பது வருடம் வலிக்காத கை அன்று மட்டும் வலித்ததா?

மார்ச் 10, செவ்வாய்

நான்காம் தேதிப் பக்கத்தை ஐம்பது தடவையாவது திறந்திருப்பேன். என் மேசையில், மேலாளர் அறையில், சமையற்கூடத்து டேப்லெட்டையே வாங்கி வந்து. ஒவ்வொரு தடவையும் கடைசியில் "மொத்தம்" வந்து நிற்கிறது. விடுபட்ட ஆறாம் வார்டு ஏழாம் கட்டில், ஒன்பதாம் கட்டில், பன்னிரண்டாம் கட்டில் விவரம் எல்லாம் சுத்தம். ஒரு எழுத்துப் பிசகில்லை.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அக்கா பொய் சொல்கிறார் என்று நம்ப முடியவில்லை. சர்வர் பொய் சொல்கிறது என்றால் என் சம்பளத்துக்கு என்ன அர்த்தம்?

மார்ச் 11, புதன்

காலை ஐந்துக்கே போனேன். வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்டார், தூக்கக் கலக்கத்தில் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. அக்கா இடத்தில் தற்காலிகமாக ஒருத்தர் இருக்கிறார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. 5:03க்குப் பக்கத்தைத் திறந்தார். முழுசாக வந்தது. மொத்தம் 62.

சமையற்கூடத்தில் பத்துப் பதினைந்து பாத்திரம். பெரிய சமையல்காரர் ஒவ்வொன்றிலும் கரண்டியால் எடுத்து ருசி பார்த்துச் சுவரில் கோடு போட்டார். முதல் பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது. வண்டியில் ஏற்றவில்லை.

"பார்த்ததை அனுப்பலாமே?" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"அக்கா சட்டம்மா. எல்லாப் பாத்திரமும் பார்த்து முடிக்காம ஒரு தட்டும் வெளிய போகக் கூடாது. கடைசிப் பாத்திரத்துல கெட்டுப்போனது தெரிஞ்சா, போன தட்டைத் திருப்பி வாங்க முடியுமா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். ஒரு பலனும் இல்லை. பகல் முழுக்கக் கொட்டாவி.

மார்ச் 12, வியாழன்

எங்கள் அறையில் நெட்வொர்க் பார்க்கிறவரை எல்லாரும் தாடி என்றுதான் கூப்பிடுவோம். மழித்த பிறகும் தாடிதான். அவர் சொன்னார்: "நீங்க இன்னைக்கு இருக்கிற விவரத்தை வச்சு அன்னைக்குப் பக்கத்தைத் தேடுறீங்க. அன்னைக்கு விடியக்காலை விவரம் எப்படி இருந்துச்சுன்னு பாருங்க."

அட, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை! தினமும் நாலு மணிக்கு எல்லா விவரங்களுக்கும் ஒரு நகல் எடுக்கிறோம். நான்காம் தேதி நகலைத் திறந்தேன். ஏழாம் வார்டு இரண்டாம் கட்டிலில் 3:40க்கு ஒரு புது நோயாளி. "தனி உணவு: ஆம்" என்று குறித்திருக்கிறார்கள். என்ன உணவு என்ற இடம் காலி. 8:40க்கு டாக்டர் வந்து நிரப்பியிருக்கிறார். போன மாதம்தான் சேர்க்கைப் படிவத்தை மாற்றினார்கள், இப்போது அந்த இடம் காலியாக இருந்தாலும் அது வாங்கிக்கொள்கிறது.

அந்த நகலை என் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பக்கத்தைத் திறந்தேன். காலியான இடத்தைப் பார்த்ததும் புரோகிராம் விழுந்தது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைப் பக்கம். நிஜ சர்வரின் பிழை லாகைத் தோண்டினேன், அங்கேயும் நான்காம் தேதி 5:04க்கு அதே பிழை இருக்கிறது! தினம் ஆயிரம் வரி குப்பை சேரும் லாக் அது. யாரும் படிப்பதில்லை. நானும்தான்.

ஆனால், ஆனால். என் மேசையில் பட்டியலே வரவில்லை, சிவப்பு மட்டும்தான். அக்காவுக்கு ஐம்பத்து மூன்று பேர் வந்திருக்கிறார்களே! சிவப்பு வந்திருந்தால் அவர் போன் செய்திருப்பார். அதோடு, பிழை ஏழாம் வார்டில். ஆறாம் வார்டு ஒன்பதாம் கட்டில் அதற்கு முன்னால் இருக்கிறது. அது ஏன் காணாமல் போனது?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேனா?

மார்ச் 13, வெள்ளி

பாலைப் பொங்கவிட்டேன். மகள், "அம்மா, அடுப்பு உன்னைத்தான் பார்க்குது" என்றாள்.

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஒரே மாடல் லிஃப்ட் ரெண்டு கட்டடத்துல ரெண்டு மாதிரி ஓடினா நான் மோட்டாரைப் பிரிக்க மாட்டேன். எந்தப் புண்ணியவான் செட்டிங்கைத் தொட்டான்னுதான் பார்ப்பேன்" என்றார்.

மார்ச் 16, திங்கள்

எந்தப் புண்ணியவான் என்று தெரிந்துவிட்டது.

என் மேசையில் உள்ள செட்டிங்கையும் நிஜ சர்வர் செட்டிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் ஒன்று. ஒரே ஒரு வரி வேறு. பதிலுக்கான பஃபர் அளவு: என் மேசையில் 32 கேபி, அங்கே 2 கேபி.

எனக்கே விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். ஜாவா சர்வர் பக்கத்தைத் தயாரிக்கும்போது நேராக அனுப்பாது. முதலில் ஒரு பாத்திரத்தில் சேர்க்கும். அதுதான் பஃபர். பாத்திரம் நிறைந்தால் வெளியே ஊற்றும். முதல் தடவை ஊற்றும்போதே "200, எல்லாம் நலம்" என்று சொல்லிவிடும். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. பாத்திரம் பெரிதாக இருந்தால், முழுப் பக்கமும் உள்ளேயே இருக்கும்போதே பிழை தெரிந்துவிடும்; எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டுச் சிவப்புப் பக்கத்தை அனுப்பும். என் மேசையில் நடந்தது அது. பாத்திரம் சின்னது என்றால் ஊற்றி ஊற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் பிழை வந்தால் போனது போனதுதான், அப்போது பாத்திரத்தில் இருந்தது குப்பைக்கு. ஆறாம் வார்டு ஏழு, ஒன்பது, பன்னிரண்டு மூன்றும் அந்தக் கடைசிப் பாத்திரத்தில் இருந்திருக்கின்றன. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

என் மேசையில் 2 என்று மாற்றினேன். நான்காம் தேதி நகல். பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு இல்லை. அழகாகப் பட்டியல் வந்தது. ஆறாம் வார்டு ஆறாம் கட்டில், அதோடு வெள்ளை. கீழே மொத்தம் இல்லை.

போனில் இருந்த நோட்டுப் படத்தை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்று.

செட்டிங் வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: "பக்கம் சீக்கிரம் தெரிவதற்காக." இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் பெயரின் முதல் எழுத்து.

ஐயோ, நினைவு வந்துவிட்டது. அப்போது அக்காதான் வந்து கேட்டார்: "டேபை வச்சுக்கிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்து நிக்கிறேன்மா, கஞ்சி அடிப்பிடிக்குது." அக்காவுக்காகச் செய்தேன். மேல்வரிகள் உடனே தெரிய ஆரம்பித்தன. "பக்கம் பறக்குதுடி" என்று சொல்லி அன்று பிளாஸ்கோடு ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார். பாதியில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம்ல? பார்க்கலையே! ருசி பார்க்காம அனுப்பினது யாரு? நான்தானே! கரண்டி பிடிக்கிறவங்களுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சே!

பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17, செவ்வாய்

தாடியிடம் மட்டும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாத்திட்டுக் கம்முனு இருங்க. அக்காவை எச்சரிச்சு விட்ருவாங்க, வேலை போகாது."

எச்சரிக்கை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தட்டு மாறாதவருக்கு, செய்யாத தப்புக்கு. "கவனக்குறைவு" என்று ஃபைலில் எழுதி ஒட்டுவார்கள். கேண்டீனில் பேசுவார்கள்.

அது தெரிந்தும் ஒரு மணி நேரம் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் பஃபரை 128 கேபி ஆக்கினேன். இனி பக்கம் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் சிவப்பு வரும்.

மார்ச் 18, புதன்

சிவப்பு வந்தது. அடுத்த நாளேவா!

5:06க்குத் தற்காலிக மேற்பார்வைக்காரர் போன். "என்னங்க இது, நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு! என்னத்தைத் தொட்டீங்க?" மூன்றாம் வார்டில் ஒரு கட்டிலுக்கு உணவு வகை காலி. எல்லா வார்டுக்கும் போன் போட்டுக் கேட்டு எழுதவைத்தேன். சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம்.

மேலாளர் ஒன்பது மணிக்குக் கொதித்துக்கொண்டிருந்தார். "பழையபடி மாத்துங்க. பாதியாவது வரட்டும்."

"சார், பாதி வந்தா அதைப் பாதின்னு யாருக்கும் தெரியாது. அதுதான் ஒன்பதாம் கட்டிலுக்கு நடந்தது."

எல்லாவற்றையும் சொன்னேன். என் கடிதம் தப்பு என்பதையும், செட்டிங்கை மாற்றியது நான் என்பதையும். பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

"இருபதாம் தேதிக்கு முன்னாடி எதையும் எழுத்துல குடுக்காதீங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

என் நல்லதா, ஆஸ்பத்திரி நல்லதா? கேட்கவில்லை. செட்டிங்கையும் மாற்றவில்லை.

மார்ச் 19, வியாழன்

இரண்டாவது கடிதம் கொடுத்துவிட்டேன். முதல் கடிதம் பத்து நிமிடம். இது நாலு நாள்.

மார்ச் 20, வெள்ளி

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு ஓரத்தில் அக்கா, ஒரு ஓரத்தில் நான். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

மூத்த டாக்டர் கேட்டார்: "இருநூறுன்னா எல்லாம் சரின்னு நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா சார். அனுப்பத் தொடங்கினப்போ சரி, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். முடிஞ்சதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

நோட்டுப் படத்தையும் என் மேசையில் எடுத்த பிரின்ட்டையும் பக்கத்தில் வைத்தேன். கடைசி வரி இரண்டிலும் ஒன்று. டாக்டர் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தார். டாக்டரிடம் இல்லை, என்னிடம். "பக்கம் சீக்கிரம் வரணும்னு நான்தானே உன்கிட்ட கேட்டேன். அப்போ தப்பு என்னுதா?"

"இல்லக்கா. நீங்க கேட்டது சரி. நான் செஞ்சதுதான் தப்பு."

தலையைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

அக்கா மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். "கவனக்குறைவு" என்ற அதே சொல். சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கிறது, போகட்டும். ஒன்பதாம் கட்டில்காரர் நேற்று வீட்டுக்குப் போய்விட்டாராம். அவர் மனைவி சமையற்கூடத்துக்குப் போய் யாரையோ தேடினாராம். இதைச் சொன்னது தாடி.

மார்ச் 26, வியாழன்

அக்கா வேலைக்கு வந்துவிட்டார். புது ஏற்பாடு: பக்கம் வந்ததும் கீழே உள்ள மொத்தத்தை எனக்கு மெசேஜில் அனுப்ப வேண்டும், நான் சர்வரில் சரிபார்க்க வேண்டும். 5:05க்கு வந்தது.

"64."

வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. பத்து மணிக்குச் சமையற்கூட வாசல் வரை போனேன். உள்ளே அவர் குரல் கேட்டது, யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். பிளாஸ்க் மூன்று வாரமாக அலமாரியிலேயே கிடக்கிறது.

மார்ச் 30, திங்கள்

"58."

நானும் "58, சரி" என்று அனுப்பினேன். என்னத்தை அனுப்புவது?

ஏப்ரல் 1, புதன்

"61." மகள் எட்டிப் பார்த்து, "யாருமா தினம் மார்க் அனுப்புறாங்க?" என்கிறாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

5:03க்குப் போன். பதறி எழுந்தேன். "சிவப்பு வந்திருக்கு. ரெண்டாம் வார்டு, பதினாலாம் கட்டில்." வைத்துவிட்டார். சேர்க்கைப் படிவத்தைத் திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை எந்தக் கட்டிலால் விழுந்தது என்று சிவப்புப் பக்கத்திலேயே தெரியும்படி செய்திருக்கிறேன்.

நான் வார்டுக்குப் போன் போடுவதற்குள் அவரே போட்டுவிட்டிருக்கிறார். நர்ஸ் சொன்னாள்: "அந்த இடத்தை நிரப்புற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்னு நின்னாங்க, ஒரு தட்டும் வெளிய போகாதாம்." 5:20க்கு மெசேஜ்.

"66."

ஏப்ரல் 8, புதன்

5:04.

"59. பிளாஸ்க் எங்கே?"

அலமாரியைத் திறந்தேன். உள்ளே தூசி. மூன்று தடவை கழுவினேன். மூடியைத் தேடத்தான் நேரமாகிவிட்டது, மகள் அதில் பென்சில் சீவிப் போட்டு வைத்திருக்கிறாள்.